எதுகை இழுத்துப் போன பக்கம்: ஒரு குறள் வெண்பா முயற்சி

ஓசை ஒத்துப் போவது என்றாலே வரியின் கடைசியைத்தான் காது தேடுகிறது. சினிமாப் பாட்டு அப்படிப் பழக்கிவிட்டது. யாப்பில், அதாவது செய்யுள் இலக்கணத்தில், அதற்கு இயைபு என்று பெயர். மரபுச் செய்யுளில் அதற்கு அவ்வளவு செல்வாக்கு இல்லை. அடியின் தலையில் நிற்கும் எதுகைக்கும் (இரண்டாம் எழுத்து ஒத்து வருவது) மோனைக்கும்தான் (முதல் எழுத்து ஒத்து வருவது) அங்கே மவுசு. எழுதிப் பார்த்தால்தான் இது உறைக்கும் என்று குறள் வெண்பாவில், திருக்குறளின் அந்த இரண்டடி வடிவத்தில், இறங்கினேன்.

'எழுதி' என்று முதல் சொல்லை வைத்தாயிற்று. இரண்டாம் அடி தொடங்கும் சொல்லிலும் இரண்டாவது எழுத்து 'ழு'வாக இருந்தால் உத்தமம். அதோடு முதல் எழுத்தின் அளவும் ஒக்க வேண்டும்: குறிலுக்குக் குறில், நெடிலுக்கு நெடில். 'கட்டு'க்குப் 'பட்டு' சரி, 'பாட்டு' ஆகாது. ஆகவே வாழும், வீழும் எல்லாம் வாசலோடு சரி. பழுது, விழுது, உழுது, அழுது, பொழுது என்று எழுதிக்கொண்டே போனேன். 'பொழுது' வந்ததும் ராத்திரி பூரா உட்கார்ந்து எழுதும் ஓர் ஆள் கூடவே வந்துவிட்டான். அதுவரை என் மனசில் ராத்திரியே கிடையாது. எதுகையை வெறும் அலங்காரம் என்பவர்கள் இப்படி ஒரு தடவை உட்கார்ந்து பார்க்கலாம்.

அப்புறம் தளை, அதாவது ஒரு சீர் அடுத்த சீரோடு சேரும் விதி. சீர் என்பது அடியின் ஒவ்வொரு துண்டு, அது அசைகளால் ஆனது: தனிக் குறிலோ தனி நெடிலோ நேர், இரு குறிலோ குறிலும் நெடிலுமோ சேர்ந்து வந்தால் நிரை, பின்னால் மெய் வந்தாலும் அதேதான். ஈரசைச் சீர் நேரில் முடிந்தால் மா, நிரையில் முடிந்தால் விளம்; மூவசைச் சீர் நேரில் முடிந்தால் காய். வெண்பாவில் மாச்சீருக்குப் பின் நிரை வரவேண்டும், விளத்துக்கும் காய்க்கும் பின் நேர். 'எழுதி' (எழு-தி, நிரை நேர்) புளிமா, எனவே 'எழுதிப் பார்த்தேன்' செல்லாது, 'பார்' நேரசை. 'எழுதி அழித்தேன்' செல்லும். நடந்ததும் அதுதான்! கடைசிச் சீர் நாள் (நேர்), மலர் (நிரை), காசு (நேரோடு உகரம்), பிறப்பு (நிரையோடு உகரம்) இந்த நான்கில் ஒன்றாக அமைய வேண்டும். 'புதிர்தான்' என்று முடிக்க ஆசை. 'தான்' இடம் கொடுக்கவில்லை, 'புதிர்' என்று மலரில் நின்றது.

எழுதி அழித்தேன் எதுகை பிடித்தேன்
பொழுது விடிந்தும் புதிர்.

முதல் அடியில் எ-எ, இரண்டாம் அடியில் பொ-பு. ஒகரமும் உகரமும் மோனைக்கு ஒரே இனம், ஆக இரண்டு அடியிலும் ஒன்றாம் சீருக்கும் மூன்றாம் சீருக்கும் பொழிப்பு மோனை. இலக்கணம் தேறிவிட்டது. வாய்விட்டுப் படித்தால்தான் சங்கடம்: ஆறு சீரும் புளிமா, குதிரை ஓட்டம். போதாக்குறைக்கு அழித்தேன், பிடித்தேன் என்று சினிமாக் காது நடுவில் புகுந்திருக்கிறது.

'அகர முதல எழுத்தெல்லாம் ஆதி / பகவன் முதற்றே உலகு' குறளை எடுத்து அலகிட்டேன், அதாவது அசை பிரித்துப் பார்த்தேன். அகர, முதல, பகவன், முதற்றே எல்லாம் புளிமாதான். ஆனால் நடுவில் 'எழுத்தெல்லாம்' புளிமாங்காய் (நிரை நேர் நேர்), 'ஆதி' தேமா (நேர் நேர்). ஓட்டம் அந்த இடத்தில் மூச்சு வாங்குகிறது. 'அகர'வுக்கு மோனையாக 'ஆதி' நான்காம் சீரில் போய் நிற்பதால் அடி முடிகிற இடமும் காதில் தெளிவாக விழுகிறது. சரி, நாமும் அதே இடத்தில் மாற்றுவோம் என்று:

எழுதி அழித்தேன் எதுகைக்காய் ஏங்கிப்
பொழுது விடிந்தும் புதிர்.

இப்போது முதல் அடியில் 1, 3, 4 ஆம் சீர்களில் மோனை, இதற்கு மேற்கதுவாய் என்று பெயர். நான் தேடிப் போனது காய்ச்சீரைத்தான், 'ஏங்கி' தானாக வந்து ஒட்டிக்கொண்டது. சீர் அமைப்பு கடைசிச் சீர் தவிர அந்தக் குறளேதான். அங்கே 'உலகு' பிறப்பு, இங்கே மலர்.

அடுத்தது நேரிசை வெண்பா. நான்கு அடி, இரண்டாம் அடி ஈற்றில் வரும் தனிச்சொல்லுக்கும் முதல் இரண்டு அடியின் எதுகையே வேண்டும். 'முழுதும்' என்ற சொல்லை அதற்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறேன். பின்னிரண்டு அடிக்கு வேறு எதுகை எடுத்துக்கொள்ளலாம், அந்த மட்டுக்கும் நிம்மதி.