ஒன்பது நாள் ஃபைல்

போன வருஷம் ஆவணியில் அக்கா மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். தேவகோட்டைப் பக்கத்துக் குடும்பம். வெள்ளைப் பணியாரம் சாப்பிட்டு முடித்து, காபி டம்ளரைக் கீழே வைத்த கையோடு பையனின் பெரியம்மா என் பக்கம் திரும்பினார்.

"தாய்மாமனுக்கு இப்ப எப்படி இருக்கு? ஒம்பது நாள் ஆசுபத்திரியில இருந்தீகளாம்ல? அந்தத் தூக்க மாத்திரைய இன்னும் போடுறீகளா?"

ஒன்பது நாள் உண்மை. மாத்திரையும் உண்மை. ஆனால் அது தெரிந்தவர்கள் எங்கள் குடும்பத்தில் நான்கே பேர்: நான், மனைவி, மச்சான், அக்கா. அப்பத்தாவிடமே மஞ்சள் காமாலை என்றுதான் சொல்லியிருந்தோம். பாவம், ஒரு மாதம் தினமும் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தது. நானும் முகம் சுளிக்காமல் குடித்தேன்.

ஒரு வாரம் கழித்து ஜாதகம் பொருந்தவில்லை என்று தரகர் வந்து சொன்னார். பெண் பார்க்க வருவதற்கு முன்பே இரண்டு ஜோசியர்கள் பார்த்துப் பொருத்தம் சொன்ன ஜாதகம் அது. அக்கா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

எனக்கு ஆத்தங்குடித் தரைக்கல் பட்டறை. கண்ணாடி மேல் அச்சை வைத்துக் கலர் ஊற்றும் வேலையைப் பதினெட்டு வயதிலிருந்து செய்கிறேன். வெளியூர் ஆர்டர் ஒன்றில் பெரிய தொகை மாட்டிக்கொண்டு, வட்டி ஏறி, மூன்று மாதம் சரியான தூக்கம் இல்லை. கடைசியில் அச்சைப் பிடிக்கும்போது கை நடுங்க ஆரம்பித்தது. ஒரு கோடு தாண்டிக் கலர் போனால் அந்தக் கல் போச்சு. ஒரே நாளில் நாற்பது கல் போனது. அன்றைக்குச் சாயந்திரம் நெஞ்சு அடைத்து மாரடைப்பு என்று நினைத்து ஓடினோம். இதயத்தில் ஒன்றும் இல்லை என்று இசிஜி எடுத்தவர்கள் சொல்லி, மனநல மருத்துவமனை ஒன்றுக்கு அனுப்பினார்கள். மச்சான்தான் கூட வந்தார். அவர்தான் எல்லாக் காகிதத்திலும் கையெழுத்துப் போட்டார். நான் போடும் நிலையில் இல்லை என்று சொல்ல முடியாது. யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

பெண் பார்த்த கதைக்குப் பிறகு மச்சானிடம் போய் நின்றேன். அவர் மறைக்கவே இல்லை. மாத்திரை விலை அதிகமாக இருக்கிறதே, அதே மருந்து குறைந்த விலையில் கிடைக்குமா என்று கேட்க, டிஸ்சார்ஜ் சம்மரியைப் படம் எடுத்து மெடிக்கல் ஷாப் வைத்திருக்கும் ஒரு நண்பருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார். "உன் நல்லதுக்குத்தான் மாப்ள அனுப்புனேன்" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. அந்தப் படம் எங்கெங்கே போனது என்று அவருக்கும் தெரியாது. ஆஸ்பத்திரி பில் கவுன்ட்டரில் இருந்த பையனுக்கும் எங்கள் ஊரில் உறவு உண்டு. எந்த வழியாகத் தேவகோட்டைக்குப் போனது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அப்போதுதான் ஒன்று உறைத்தது. ஊருக்கே தெரிந்த என் ஃபைலை நான் மட்டும் பார்த்ததில்லை.

பார்க்க வேண்டிய தேவையும் வந்தது. அதற்குள் மதுரையில் ஒரு கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டிடம் போக ஆரம்பித்திருந்தேன். என்ன மருந்து, எவ்வளவு நாள், என்ன டயக்னாசிஸ் எழுதியிருக்கிறார்கள் என்று அவர் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. சம்மரி மச்சான் வீட்டு அலமாரியில் எங்கோ இருந்தது. நேரே ஆஸ்பத்திரிக்குப் போய் நகல் கேட்டேன்.

"அட்டெண்டரா வந்தவங்க யாரு சார்? அவங்க வந்து கையெழுத்துப் போட்டா குடுப்போம்."

"அது என் ஃபைல்மா."

"தெரியும் சார். ஆனா இதுல அவங்க பேர்தான் இருக்கு."

அதைச் சத்தமாகவே சொன்னது அந்தப் பெண். பின்னால் வரிசையில் எட்டுப் பேர்.

வீட்டுக்கு வந்து இரண்டு ராத்திரி இணையத்தில் தேடினேன். திரும்பத் திரும்ப 'ஹிப்பா' என்று ஒன்று வந்தது. சிகிச்சையாளர் தனக்காக எழுதும் குறிப்புகளுக்குத் தனிப் பாதுகாப்பு, அது இதென்று பக்கம் பக்கமாக இருந்தது. கூகுள் மொழிபெயர்ப்பில் தட்டுத்தடுமாறிப் படித்துப் பெரிய ஆயுதம் கிடைத்த மாதிரி அடுத்த செஷனில் அவரிடம் நீட்டினேன். சிரித்துவிட்டார். "இது 1996-ல வந்த அமெரிக்கச் சட்டம் சார். நம்ம ஊருக்கு நம்ம சட்டம் இருக்கு."

நம் சட்டம் 2017-ல் வந்த மனநலப் பாதுகாப்புச் சட்டம். 2018 மே மாதத்திலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அவர் எனக்குச் சொன்னதும், பிறகு நானே படித்ததும் சேர்த்துச் சொல்கிறேன். 23-ஆம் பிரிவு, நம் மனநலம், சிகிச்சை பற்றிய தகவலை ரகசியமாக வைக்கும் உரிமையை நமக்குத் தருகிறது. சிகிச்சை தருபவர்கள் எல்லோருக்கும் அதைக் காக்கும் கடமை உண்டு. 24-ஆம் பிரிவு, நம் சம்மதம் இல்லாமல் படத்தையோ தகவலையோ பத்திரிகை, டிவிக்குக் கொடுக்கக் கூடாது என்கிறது. கம்ப்யூட்டரில் இருக்கும் தகவலுக்கும் அந்தப் பாதுகாப்பு உண்டு. 25-ஆம் பிரிவுதான் எனக்கு வேண்டியது: நம் அடிப்படை மருத்துவப் பதிவை நாமே பெறும் உரிமை.

இதில் என் மச்சான் எங்கே வருகிறார்? வரவே இல்லை. சட்டம் மருத்துவரைக் கட்டுகிறது, மச்சானைக் கட்டவில்லை. நான் அதை மூன்று முறை படித்துப் பார்த்தேன்.

ஆனால் வேறொரு கதவு இருந்தது. 14-ஆம் பிரிவில் 'நியமனப் பிரதிநிதி' என்று ஒருவரை நாமே தேர்ந்தெடுக்கலாம். வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ வைத்தால் போதும், முத்திரைத்தாள் கேட்பவர்கள் சும்மா கேட்கிறார்கள். எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். நம் சிகிச்சை பற்றிய தகவல் தன் கடமையைச் செய்யத் தேவையான அளவுக்கு அவருக்குக் கிடைக்கும். நாம் யாரையும் எழுதி வைக்கவில்லை என்றால், அவசரத்தில் கூட ஓடிவந்தவர்தான் எல்லாமாக ஆகிவிடுகிறார். எனக்கு நடந்தது அதுதான்.

மனைவி பெயரை எழுதிக் கொடுத்தேன். மச்சானிடம் முன்கூட்டியே சொன்னேன். இரண்டு நாள் பேசவில்லை.

ஃபைலுக்கு அந்தச் சட்டத்தின் விதிகளில் தனி விண்ணப்பமே இருக்கிறது, படிவம் 'ஏ'. உள்நோயாளியாக இருந்ததற்கான அடிப்படைப் பதிவை எழுத்தில் கேட்டால் 15 நாளுக்குள் கொடுக்க வேண்டும். 2002-ஆம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதிகளில் 72 மணி நேரம் என்றே இருக்கிறது. அதே விதிகள் உள்நோயாளிப் பதிவுகளை மூன்று வருஷம் வைத்திருக்கவும் சொல்கின்றன. அதனால் தள்ளிப்போட்டால் கைக்குக் கிடைக்காமலே போகலாம். நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன், நகலில் சீல் வைத்துத் தர மாட்டேன் என்றார்கள். சண்டை போடவில்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் தபால் ஆபீஸ். அதே விண்ணப்பத்தை ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். அந்த ரசீதுக்கு இருந்த மரியாதை எனக்கு இல்லை. பன்னிரண்டாவது நாள் போன் வந்தது.

வாங்கியதும் ஆஸ்பத்திரி வாசல் புங்க மரத்தடியில் நின்றே படித்தேன். பெரிய ரகசியம் எதுவும் இல்லை. பதற்றநோய், தூக்கமின்மை, மருந்துகளின் பெயர், எடுத்த பரிசோதனைகள். இதற்காகவா ஒரு கல்யாணம் நின்றது என்று சிரிப்பு வந்தது. கூடவே வேறொரு குறுகுறுப்பு. ஒன்பது நாளில் டாக்டர் என் மனைவியைத் தனியாக அழைத்து அரை மணி நேரம் பேசினார். அவள் என்ன சொன்னாள்? அது இதில் இல்லை.

உள்ளே போய் டாக்டரையே கேட்டேன். நமக்குப் பெரிய மனத்துன்பம் வரும், அல்லது இன்னொருவருக்கு ஆபத்து வரும் என்றால் டாக்டர் சில தகவலை நிறுத்தி வைக்கலாம், அப்படி நிறுத்தினால் மனநல மறுஆய்வு வாரியத்தில் முறையிடும் உரிமை உண்டு என்பதை டாக்டரே நமக்குச் சொல்ல வேண்டும் என்றெல்லாம் மனப்பாடமாக வைத்திருந்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"நிறுத்தி வைக்கலை. உங்களைப் பத்தின பதிவு முழுசா உங்க கையில இருக்கு. அது அவங்க என்கிட்ட தனியா சொன்னது. தெரியணும்னா அவங்ககிட்டயே கேளுங்க."

காது சூடாகிவிட்டது. என் ரகசியம் வெளியே போனதற்கு நியாயம் கேட்டு வந்தவன், அவள் ரகசியத்தைக் கவுன்ட்டரில் வாங்கிக்கொண்டு போகப் பார்த்தேன். அவளிடம் இதுவரை கேட்கவில்லை.

அதே இடத்தில் கவுன்ட்டர் விஷயத்தையும் எழுதிக் கொடுத்தேன். 28-ஆம் பிரிவின்படி முதலில் பொறுப்பு மருத்துவரிடம் புகார், திருப்தி இல்லையென்றால் வாரியம், அதற்கு மேல் மாநில மனநல ஆணையம். நான் வாரியம் வரை போகவில்லை. டாக்டர் மன்னிப்புக் கேட்டார், அது உண்மையான மன்னிப்பாகப் பட்டது. போன மாதம் மருந்துச் சீட்டுக்குப் போனபோது பெயருக்குப் பதில் டோக்கன் நம்பரைக் கூப்பிட்டார்கள். பில் கவுன்ட்டரில் அதே பையன். என்னைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டான். எனக்கும் சங்கடம்தான்.

மதுரை சைக்காலஜிஸ்ட் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் நிறையப் பேர் என்னிடம் ரகசியமாகக் கேட்பது அதைத்தான். சொன்னதெல்லாம் வெளியே போகாதா? முதல் நாளே அவர் சொன்னார்: போகாது, சில இடங்கள் தவிர. என் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ ஆபத்து என்றால் தேவையான அளவு மட்டும் தேவையானவரிடம் சொல்வார். நீதிமன்ற உத்தரவு வந்தால் கொடுக்க வேண்டியிருக்கும். குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடப்பது தெரிந்தால் போக்சோ சட்டப்படி தகவல் கொடுத்தே ஆக வேண்டும். அது அவருக்கு மட்டுமல்ல, நம் எல்லோருக்கும்தான். இதை ஒளிக்காமல் முதலிலேயே சொன்னதால்தான் எனக்கு அவர் மேல் நம்பிக்கை வந்தது. எதையும் யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று ஒரேயடியாகச் சத்தியம் செய்பவரிடம் நான் போக மாட்டேன். இன்னொன்று: கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு இருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்பது அவமரியாதை இல்லை. வாழ்க்கை ஆலோசகர் என்று போர்டு மட்டும் மாட்டியிருப்பவர்கள் எதற்குக் கட்டுப்பட்டவர்கள் என்று விசாரித்துவிட்டுப் போகலாம்.

மாட்டுத்தாவணி வரை மாதம் ஒரு தடவைதான் பஸ் ஏற முடியும். மற்ற வாரம் வீடியோ கால். இங்கேதான் உண்மையான சிக்கல். நாங்கள் வாடகைக்கு இருப்பது பள்ளத்தூரில் ஒரு பழைய வளவு வீட்டின் ஒரு பக்கம். முகப்பில் தும்மினால் இரண்டாங்கட்டிலிருந்து 'நூறு' என்று குரல் வரும். அந்தக் காலத்தில் எப்படித்தான் இவ்வளவு பெரிய வீட்டைக் கட்டி, புருஷன் பெண்டாட்டி சண்டை போட ஒரு மூலை வைக்காமல் விட்டார்களோ. முதல் செஷனை அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு பேசினேன். முடித்து வெளியே வந்ததும் எதிர்ப்பக்கத்து ஆச்சி, "அந்தக் கடன்காரன் பணம் தரலையாக்கும்?" என்று விசாரித்தது.

அடுத்த வாரத்திலிருந்து பட்டறைக் குட்டியானைதான். ஊருணிக் கரையில் நிறுத்தி, கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஹெட்போன் மாட்டிப் பேசுவேன். பங்குனி, சித்திரையில் வெந்துவிடும். "பக்கத்துல யாராவது இருக்காங்களா?" என்று ஒவ்வொரு முறையும் கேட்டுவிட்டுத்தான் அவர் ஆரம்பிப்பார். ரெக்கார்டு செய்வதில்லை என்று அவரும் சொன்னார், நானும் செய்வதில்லை என்று சொன்னேன். ஒருநாள் ராத்திரி இரண்டு மணிக்கு அவரைக் கூப்பிட மனசில்லாமல் 14416-க்குப் பேசினேன். அரசின் இலவச மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம். மொட்டை மாடியில் கிசுகிசுத்த அந்த இருபது நிமிஷம் எனக்கு உதவியது.

அக்கா மகளுக்குத் தை மாதம் வேறிடத்தில் கல்யாணம் முடிந்தது. அவர்களிடம் நானே முன்கூட்டிச் சொல்லிவிட்டேன், எவ்வளவு சொல்ல வேண்டுமோ அவ்வளவு. தெரிந்த வக்கீல் ஒருவர், 1998-ல் உச்ச நீதிமன்றம் எச்.ஐ.வி. வழக்கு ஒன்றில், கல்யாணம் என்று வரும்போது நோயாளியின் ரகசியம் முழுமையானது அல்ல என்று சொன்னதை எடுத்துக்காட்டி என்னை மடக்கப் பார்த்தார். அங்கே தொற்றும் நோய், கல்யாணம் செய்யவிருந்தவரே நோயாளி. இங்கே தாய்மாமனுக்குத் தூக்கம் வரவில்லை. சொன்னேன், சிரித்துக்கொண்டார்.

இப்போது மருத்துவக் காப்பீடு எடுக்கிறேன். மனநோய்க்கும் உடல்நோய்க்குப் போலவே காப்பீடு தர வேண்டும் என்று அதே சட்டத்தின் 21-ஆம் பிரிவு சொல்கிறது. விண்ணப்பத்தில் முன்பு எடுத்த சிகிச்சை பற்றிய கேள்வி இருந்தது. ஏஜெண்ட் எங்கள் தெருக்காரர்தான். திண்ணையில் உட்கார்ந்து குரலைத் தாழ்த்தி, "அந்த ஒம்பது நாளை எழுதாதீக. யாருக்குத் தெரியப்போகுது?" என்றார்.

நான் அவரிடம் ஒன்பது நாள் என்று சொல்லவே இல்லை.

படிவத்தை வாங்கிக்கொண்டேன். ராத்திரி நானே நிரப்பினேன், சிகிச்சை, தேதி, மருந்து எல்லாம் ஃபைலைப் பார்த்து எழுதினேன். மறைத்தால் பிறகு கிளெய்ம் வரும்போது அவர்கள் கை ஓங்கும். உறையில் போட்டு ஒட்டி, ஏஜெண்ட் கையில் கொடுக்காமல், மதுரை ஆபீசுக்கு நேரே ஸ்பீடு போஸ்டில் அனுப்பினேன். அவருக்கு இன்னும் கோபம். தெருவில் பார்த்தால் மழை வருமா என்று மட்டும் கேட்கிறார்.