சலாம் கொடுத்து முடிக்கும் வழக்குகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஓர் இடைநிலைப்பள்ளியில் ஆலோசனை ஆசிரியராக வேலை பார்க்கிறேன். சுற்றுத் தோட்டங்களின் பிள்ளைகள் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டை முடித்து, இடைநிலைப்பள்ளியின் முதல் ஆண்டான முதலாம் படிவத்திலோ, அதற்கு முந்திய ஓராண்டுப் புகுமுக வகுப்பிலோ எங்களிடம் சேர்கிறார்கள். எல்லா ஆசிரியருக்கும் பெயர் தெரிந்திருந்த பிள்ளை, இங்கே யாருக்கும் தெரியாமல் நிற்கும். பகடிவதை, அதாவது சக மாணவரைக் கேலி செய்தும் மிரட்டியும் அடித்தும் வதைப்பது, பெரும்பாலும் அப்போதுதான் தொடங்குகிறது.

என் அறைக்கு அது வயிற்றுவலியாக வரும். திங்கட்கிழமைதோறும் மட்டம் போடுவதாக வரும். பெரிய பையன்கள் நிற்பார்கள் என்று பள்ளி விடும்வரை கழிப்பறைக்கே போகாமல் அடக்கிக்கொள்ளும் பிள்ளைகள் உண்டு. விடியுமுன் வேலைக்குக் கிளம்பும் அம்மாவுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?

ஆசிரியர் பயிற்சி ஒன்றில் லீ ஹிர்ஷ் இயக்கிய ‘புல்லி’ ஆவணப்படத்திலிருந்து சில பகுதிகளைப் போட்டுக் காட்டினேன். 2011இல் வந்த அமெரிக்கப் படம். அயோவா மாநிலத்தின் சூ சிட்டியில் 12 வயதுப் பையன் ஒருவனைப் பள்ளிப் பேருந்தில் குத்துகிறார்கள், கழுத்தை நெரிக்கிறார்கள். நிலைமை எல்லை மீறியதால் படக்குழுவே பதிவைப் பெற்றோரிடமும் பள்ளியிடமும் காட்டியது. பெற்றோர் முறையிடப் போனபோது, அந்தப் பேருந்தில் நானே போயிருக்கிறேன், பிள்ளைகள் தங்கமானவர்கள் என்கிறார் துணைத் தலைமையாசிரியர். பெரியவர் ஏறினால் எந்தப் பேருந்தும் அப்படித்தான் இருக்கும்.

அடியைவிட என்னை உலுக்கியது வேறொன்று. அவர்கள் உன் நண்பர்கள் இல்லை என்று தாய் சொல்ல, அப்படியானால் எனக்கு யார்தான் நண்பர்கள் என்று கேட்கிறான் அந்தப் பையன். இதே பதிலை என் அறையில் கேட்டிருக்கிறேன். சாப்பாட்டுக் காசைத் தினமும் பிடுங்கிக்கொள்பவர்களைப் பற்றி, “அவங்க என் கூட்டாளிங்கதான் டீச்சர்” என்றான் ஒரு முதலாம் படிவ மாணவன். பொய் சொல்லவில்லை. ஓய்வு நேரத்தில் தனியாக உட்காருவதைவிடக் காசு போவது அவனுக்கு மேலாக இருந்தது.

இன்னொரு காட்சியில் இரண்டு பையன்களைக் கைகுலுக்கச் சொல்கிறார்கள். வதைத்தவன் உடனே கையை நீட்டுகிறான். வதைபட்டவன் தயங்குகிறான், திட்டும் அவனுக்கே விழுகிறது. அந்த இடத்தில் எங்கள் ஆசிரியர்கள் யாரும் பேசவில்லை. இங்கேயும் அதுதானே வழக்கம்? “மிந்தா மாஃப் சொல்லு, சலாம் கொடு.” மலாயில் மன்னிப்புக் கேள், கைகுலுக்கு என்பதுதான் அது. கோப்பு மூடப்படும். சாயங்காலம் இருவரும் ஒரே பேருந்தில் தோட்டத்துக்குத் திரும்புவார்கள். புகார் கொடுத்தவனுக்கு அங்கே காத்திருப்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை.

இப்போது என் அறையில் இருவரையும் ஒன்றாக உட்கார வைப்பதில்லை. தனித்தனியாகப் பேசுகிறேன். வதைப்பவனிடமும் நிறையப் பேச வேண்டியிருக்கிறது, அவன் வீட்டுக் கதை பெரும்பாலும் லேசானதாக இருப்பதில்லை. பாதிக்கப்பட்டவனைச் சில வாரங்கள் கழித்து மறுபடி கூப்பிட்டு, பேருந்தில் எங்கே உட்காருகிறாய், யாரோடு சாப்பிடுகிறாய் என்று கேட்கிறேன். பஸ் ஓட்டும் அண்ணனிடமும் சொல்லி வைத்தேன். முதலாம் படிவப் பிள்ளைகளைத் தன் இருக்கைக்குப் பின்னாலேயே உட்கார வைக்கிறார். ஏதாவது என்றால் போன் வருகிறது.

கட்டொழுங்கு ஆசிரியர் இன்னும் கேட்கிறார்: “டீச்சர், ரெண்டு பேரும் சலாம் கொடுத்துட்டாங்களா? கோப்பை மூடிடலாமா?”

“இல்ல சார், இன்னும் பேசிக்கிட்டுத்தான் இருக்கேன். திறந்தே இருக்கட்டும்.”