வெள்ளகவிக்குத் தனியாக இறங்காதீர்கள்

கொடைக்கானல் வட்டக்கானலில் டால்பின் நோஸ் பாறை வரைக்கும் கூட்டம் இருக்கும். அதைத் தாண்டிக் கீழே இறங்கினால் வெள்ளகவி என்கிற மலைக் கிராமம். நான் போனபோது ரோடு கிடையாது. அரிசி மூட்டை இறங்குவதும் காப்பிக்கொட்டை ஏறுவதும் குதிரை முதுகில்தான். ஊர் எல்லையிலேயே செருப்பைக் கழற்றிவிட வேண்டும், அந்த மக்களுக்கு ஊரே கோயில். திரும்பின பக்கமெல்லாம் சாமி, வீட்டுக்கும் கோயிலுக்கும் நடுவில் சுவர்கூடத் தெரியாது. வெறும் காலோடு அந்தக் கல்பாதையில் நடந்து கும்பிட்டபோது எனக்குக் கிடைத்த நிறைவு பெரிய கோயில்களின் வரிசையில் நின்று கிடைத்ததில்லை.

நான் அந்த ஊர் அண்ணன் ஒருவரோடுதான் போனேன். என் கண்ணுக்கு ஒரே பாதையாகத் தெரிந்த இடத்தில் அவருக்கு மூன்று தெரிந்தது, ஒன்று தோட்டத்துக்கு, ஒன்று ஊருக்கு, இன்னொன்று காட்டுமாடு நடந்து நடந்து போட்ட தடம். அந்தத் தடமும் ஆள் நடக்கிற பாதை மாதிரியே இருக்கிறது, நம்பிப் போனால் அடர்ந்த சோலைக்காட்டுக்குள் கொண்டுபோய் விட்டுவிடும். அவர் பையில் அரிவாள், தீப்பெட்டி, கருப்பட்டி, அப்புறம் ஒரு குச்சி நுனியில் கட்டிய உப்புத் துணி. கணுக்காலில் அட்டை ஏறியதும் அந்தத் துணியை நனைத்து ஒரு ஒற்று ஒற்றினார், சுருண்டு விழுந்தது. பிறந்ததிலிருந்து இந்த மலையில் இருப்பவர், அவரே இவ்வளவையும் எடுத்துக்கொண்டுதான் வீட்டை விட்டுக் கிளம்புகிறார்.

மதியம் மூன்று மணிக்கு மேல் ஒரு பையன் தனியாக வந்து சேர்ந்தான். ரப்பர் செருப்பு, கால் பாட்டில் தண்ணீர், அணையப் போகிற போன். கும்பக்கரைக்கு இறங்கி பெரியகுளத்தில் பஸ் பிடிக்கப் போகிறானாம். மேலே மூடுபனி கட்டிக்கொண்டிருந்தது. இருட்டிவிடும் என்று சொன்னதற்கு, "முருகன் பார்த்துப்பான்" என்றான். திண்ணையிலிருந்த பாட்டி, "ஏய்யா, பார்த்துத்தான் உன்னை என் வாசல்ல கொண்டாந்து நிறுத்தியிருக்கான், உக்காரு" என்றார்.

எனக்கும் முருகன்தான் எல்லாம். ஆனால் யோசித்துப் பாருங்கள், சபரிமலைக்கு மாலை போட்டால் 41 நாள் விரதம், இருமுடி, வழி தெரிந்த குருசாமி. தைப்பூசத்துக்குப் பழனி நடக்கும் நகரத்தார் காவடி ஊரே திரண்டு போவது. வெறுங்கையோடு ஒருத்தனாகக் காட்டுக்குள் போ என்று நம் முன்னோர் எங்கே சொன்னார்கள்? கும்பக்கரை அருவியில் வெள்ளம் வந்தால் குளிக்கத் தடை போடுகிறார்களே, அது மேலே இந்த மலை ஓடைகளில் பெருகி வருகிற தண்ணீர்தான், கீழே வெயிலடிக்கும்போதே மேலே கொட்டித் தீர்த்துவிடும். கோடையில் தீ. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போன 23 பேரைக் காட்டுத்தீ கொண்டுபோனது, அவர்கள் கூட்டமாகப் போனவர்கள். தனி ஆள் கால் பிசகிக் கிடந்தால் தேட வேண்டும் என்பதே யாருக்கும் தெரியாது.

போக ஆசைப்படுகிறவர்கள் முதலில் வனத்துறையிடம் கேளுங்கள், ஊர்க்காரர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு காலையிலேயே கிளம்புங்கள், எந்த வழியாக எப்போது திரும்புவீர்கள் என்று வீட்டில் சொல்லிவிடுங்கள்.

அந்தப் பையன் அன்றைக்குப் பாட்டி வீட்டில் சாப்பிட்டுப் படுத்தான். விடிந்ததும் கீழே போகிற குதிரைக்காரர்களோடு அவனை அனுப்பினார்கள். பாட்டி அவன் நெற்றியில் திருநீறு பூசி, கையில் ஒரு தடியும் கொடுத்து, சிக்னல் கிடைத்ததும் முதலில் அம்மாவுக்குப் பேசச் சொன்னார்.