பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்களின் தெரு

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் ஒரு புளி மண்டியில் என் அப்பா கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். எண்பதுகளின் பிற்பாதியில், பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு போய், தெருக்கோடியில் இருந்த உடுப்பிக் கடையில் நான்கு காபி வாங்கி மண்டியில் சேர்ப்பது என் வேலை. அந்தத் தெருவைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி, காபி ஆறுவதற்குள் நடந்து முடிக்க வேண்டிய அந்தச் சிறு தொலைவில் தெரிந்துகொண்டதுதான். போன மாதம் ஒரு கல்யாணப் பத்திரிகை வைப்பதற்காக அதே வழியில் நடந்தேன். மண்டி இருக்கிறது. மற்ற எதுவும் இல்லை.

அந்தக் கடைகள் ஏன் மூடப்பட்டன என்று ஊரில் கேட்டால் இரண்டு பதில்கள் கிடைக்கும். பிள்ளைகள் படித்து பெங்களூருக்குப் போய்விட்டார்கள், கல்லாவில் உட்கார ஆள் இல்லை என்பது ஒன்று. பழைய கைப்பக்குவம் போய்விட்டது என்பது இன்னொன்று. இரண்டையும் நான் மறுக்கவில்லை. ஆனால் கைப்பக்குவம் கொஞ்சமும் குறையாத கடைகளும், வாரிசு இருந்த கடைகளும் அங்கே மூடப்பட்டதை நான் பார்த்திருக்கிறேன். அந்தத் தெரு பிழைத்தது பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்களால் என்பதும், காத்திருப்பு குறையக் குறைய அதுவும் தேய்ந்தது என்பதும்தான் என் கணிப்பு.

இதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு 1905-ல் ஒரு குறுகிய ரயில் பாதை போடப்பட்டது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1941-ல், அது மூடப்பட்டது. அதற்குப் பிறகு எங்கள் ஊருக்கு ரயில் இல்லை. எங்கே போவதானாலும் பஸ்தான். 1965 வரை கலெக்டரைப் பார்க்கச் சேலம் போக வேண்டியிருந்தது. அந்த ஆண்டு தருமபுரி தனி மாவட்டமானதும் தருமபுரி போனால் போதும் என்றானது. அதுவும் ஏறத்தாழ 45 கிலோமீட்டர். பட்டா மாறுதலுக்கும் நில வழக்குக்கும் மஞ்சள் பையில் காகிதங்களைச் சுருட்டிக்கொண்டு கிராமங்களிலிருந்து முதல் வண்டியில் வந்து இறங்கும் பெரியவர்கள், தருமபுரி போய்த் திரும்பி, தங்கள் ஊருக்கான கடைசி டவுன் பஸ் வரும் வரை எங்கேயாவது பொழுதைக் கழித்தாக வேண்டும். பழைய பஸ் நிலையத்திலிருந்து கால் போன போக்கில் நடந்தால் எங்கள் தெருவுக்கு வந்துவிடலாம்.

உடுப்பிக் கடையின் பெயர்ப்பலகையில் ஏதோ ஒரு கிருஷ்ணர் பெயர் இருந்தது. அதை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. சலவைக்கல் பதித்த மேசைகள் ஆறு, கரும்பலகையில் சுண்ணாம்புக்கட்டியால் எழுதிய பட்டியல், 'இங்கு அரசியல் பேசாதீர்' என்ற அட்டை, அந்த அட்டைக்குக் கீழேயே உட்கார்ந்து அரசியல் பேசும் ஓய்வு பெற்ற வாத்தியார்கள். சாம்பாரில் வெல்லம் இருக்கும். முதல் முறை சாப்பிடுகிற தெற்கத்திக்காரர்கள் முகத்தைச் சுளிப்பார்கள். எங்களுக்கோ வீட்டுச் சாம்பார்தான் ஏதோ குறைபட்டதுபோல் இருக்கும். தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் ஒரே தெருவில் புழங்கிய ஊரில், சாம்பாரில் மட்டும் ஒரே கொள்கையை எதிர்பார்க்க முடியாது.

காபி வாங்க நான் நின்ற இடம் பாய்லருக்குப் பக்கத்தில். செம்புப் பாய்லரின் அடியில் ஒரு காசு போட்டு வைத்திருந்தார்கள். தண்ணீர் கொதி நிலைக்கு வந்ததும் அது உள்ளே கடகடவென்று ஆடத் தொடங்கும். சத்தம் கேட்டால்தான் காபி போடுகிறவர் குழாயைத் திறப்பார். அதுவரை எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும் நிற்க வேண்டியதுதான். நான்கு காபி ஊற்றிய பிறகு, என் உயரத்தைப் பார்த்து ஒரு வாய் கொசுறு. அந்தக் கொசுறை வழியிலேயே குடித்துவிடுவது என் வழக்கம் என்பது அப்பாவுக்குத் தெரியும் என்று எனக்குப் பிற்காலத்தில்தான் தெரிந்தது.

கல்லாவுக்கு மேலே இருந்த கடிகாரம் எப்போதும் பத்து நிமிடம் முன்னால் ஓடும். அது பழுதல்ல, ஏற்பாடு. சர்வர்கள் வருகிறவரின் பையைப் பார்த்தே எந்த வண்டிக்காரர் என்று கணித்துவிடுவார்கள். ராயக்கோட்டை வண்டிக்கு இன்னும் நேரம் இருக்கிறது என்றால் இரண்டாவது காபி வேண்டுமா என்று கேட்பார்கள். நேரமாகிவிட்டது என்றால் கேட்காமலே பில்லும் பார்சலும் மேசைக்கு வந்துவிடும். மந்தாரை இலையில் வைத்து, அதன்மேல் செய்தித்தாள் சுற்றி, நூல் கட்டிய பார்சல். அந்த இலையின் மணத்தோடு ஆறிப்போன இட்லிக்கு ஒரு தனி ருசி உண்டு; பிளாஸ்டிக் டப்பாவில் வரும் சூடான இட்லிக்கு அது இல்லை என்று நான் சொன்னால் என் மகள் சிரிக்கிறாள்.

எதிர்ச்சாரியில் களி போடும் ஒரு மெஸ் இருந்தது. பலகை போட்ட திண்ணை, உள்ளே இரண்டு பெஞ்சு, அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை போச்சம்பள்ளிச் சந்தைக்குப் போய்த் திரும்பும் வியாபாரிகள்தான் அதற்கு முக்கிய வாடிக்கை. ராகிக் களி உருண்டையின் நடுவில் கட்டை விரலால் ஒரு குழி செய்து, அதில் அவரைக்கொட்டைக் குழம்பை ஊற்றி, ஓரத்திலிருந்து கிள்ளிக் குழம்பில் புரட்டி விழுங்குவார்கள். களியை மெல்லுகிறவனைப் பார்த்தால் வெளியூர்க்காரன் என்று தெரிந்துவிடும். இப்போது நெடுஞ்சாலை ஓரத்தில் சிறுதானிய உணவு என்று பலகை வைத்து, அதே களியை வாழையிலையில் பரிமாறுகிறார்கள். நன்றாகத்தான் இருக்கிறது, குறை சொல்வதற்கில்லை. ஆனால் அன்று வறுமைக்கு அடையாளம் என்று எங்கள் வகுப்பில் கேலி செய்யப்பட்ட உணவு அது.

வாடகை சைக்கிள் கடையும் காத்திருப்பவர்களை நம்பித்தான் இருந்தது. அடுத்த வண்டிக்கு இரண்டு மணி நேரம் இருக்கிறதென்றால் ஒரு சைக்கிளை எடுத்து, ஆஸ்பத்திரியில் இருக்கும் உறவினரைப் பார்த்துவிட்டு வந்துவிடலாம். மட்கார்டில் எண், நோட்டில் பெயரும் நேரமும், தெரிந்த ஒருவரின் ஜாமீன். அடையாள அட்டை எதுவும் தேவைப்படவில்லை. கேசட்டில் பாட்டுப் பதிவு செய்து தரும் கடையைப் பற்றி எனக்கு இன்னும் கோபம் உண்டு. அறுபது நிமிடக் கேசட்டுக்குப் பன்னிரண்டு பாட்டு என்று கணக்குப் பார்த்து நான் எழுதிக் கொடுத்த பட்டியலில், எனக்கு வேண்டிய முதல் பாட்டை இரண்டாம் பக்கத்தின் கடைசியில் போட்டு, பல்லவியோடு நாடா முடிந்துபோகும்படி செய்துவிட்டார்கள். காசு திரும்பக் கேட்டதற்கு, சரணம் அவ்வளவு நன்றாக இருக்காது தம்பி என்று பதில் வந்தது.

புளி மண்டியைச் சொல்லாமல் போனால் தெருவின் வாசனையே விட்டுப்போகும். தை பிறந்து சித்திரை முடியும் வரை மண்டியின் பின்கட்டில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, ஓடு தட்டி, நார் உரித்து, கொட்டை எடுப்பார்கள். கூலி எடைக் கணக்கில். கொட்டையும் வீண்போகாது, துணிக்குக் கஞ்சி போடுவதற்கென்று அதைத் தனியாக மூட்டை கட்டி விற்பார்கள். அந்தப் பருவத்தில் தெருவில் நுழைந்தவுடனே பல் கூசும். நான் கொண்டுபோகும் காபியில் ஒன்று அந்தப் பெண்களில் மூத்தவருக்கு. புளி பிடித்துக் கறுத்த விரல்களால் டம்ளரைத் தொட மனமில்லாமல், முந்தானையால் சுற்றிப் பிடித்துத்தான் குடிப்பார்.

பிறகு எல்லாப் பக்கமிருந்தும் காத்திருப்பு குறைந்தது. தொலைதூர வண்டிகள் புதிய பஸ் நிலையத்துக்குப் போயின. தங்க நாற்கரச் சாலைத் திட்டத்தில் சென்னை–பெங்களூர் சாலை நான்கு வழியானதும், சாப்பாட்டுக்கு நிற்கும் வண்டிகள் ஊருக்கு வெளியே நின்றன. 2004 பிப்ரவரி 9-ஆம் தேதி கிருஷ்ணகிரி தனி மாவட்டமானபோது நாங்கள் பட்டாசு வெடித்தோம். மஞ்சள் பைக்காரர்கள் இனித் தருமபுரி போக வேண்டியதில்லை என்பதை உடுப்பிக் கடைக்காரர் அன்றே யோசித்திருப்பாரோ என்னவோ. வீட்டுக்கு வீடு இருசக்கர வாகனம் வந்தது. சில ஆண்டுகளில் அந்தக் கடையின் இடத்தில் கைப்பேசிக் கடை வந்தது. மண்டிக்கு மட்டும் ஆபத்து இல்லை. புளி வாங்க வருகிறவர் லாரியோடு வருகிறார்.

பாத்திரக் கடையின் வாசற்படியில் பெயர் வெட்டுகிறவர் ஒருவர் உட்கார்ந்திருப்பார். சிற்றுளியால் புள்ளி புள்ளியாகத் தட்டி எழுத்தைக் கொண்டுவருவார்; கூலி எழுத்துக்கு இவ்வளவு என்று. என் பாட்டி ஒரு எவர்சில்வர் குடம் வாங்கியபோது அங்கே பெரிய வழக்கு நடந்தது. பாட்டியின் பெயர் 'கோ'வில் தொடங்கும். கொம்பு, ககரம், கால் என்று அவர் அதை மூன்றாகக் கணக்கிட்டார். "வாயால சொன்னா ஒண்ணுதானேப்பா, வெட்டினா மட்டும் எப்படி மூணாகும்?" என்று பாட்டி கேட்டார். கடைக்காரர் தீர்ப்புச் சொல்ல, புள்ளிக்குக் காசில்லை, கொம்புக்கும் காலுக்கும் பாதிக் காசு என்று முடிவாவதற்குள் காவேரிப்பட்டணம் வண்டி போய்விட்டது. அடுத்த வண்டி வரும் வரை உடுப்பிக் கடையில் உட்கார்ந்து ஆளுக்கொரு காபி குடித்தோம். பாட்டி மிச்சம் பிடித்த காசு அதற்கே போயிற்று.

குடத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து பார்த்தால் அந்த மனிதர் காலை வெட்டவே இல்லை. 'கே' என்றுதான் இருக்கிறது. குடம் இப்போது எங்கள் வீட்டில் அரிசி வைக்கப் பயன்படுகிறது. கல்யாணமான புதிதில் என் மனைவி அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, இது யார் வீட்டுக் குடம் என்று கேட்டாள்.