வாளியை ஓரங்கட்டிய வருடம்

2024 ஜனவரி 14, ஞாயிறு

ஞாயிறு என்றால் வீட்டுப் பவளத் தொட்டியில் தண்ணீர் மாற்ற, வாளியில் இருபது லிட்டர் உப்புத் தண்ணீர் கலக்கும் நாள். இன்று கலக்கவில்லை, இனி வாராவாரம் கலப்பதாகவும் இல்லை.

சோம்பல் கொஞ்சம் உண்டுதான், ஆனால் முடிவு கணக்கில் வந்தது. மேலே தொட்டி, கீழே சம்ப் என்கிற வடிகட்டும் தொட்டி, இரண்டும் சேர்த்து 200 லிட்டர். மான்டிபோரா, அக்ரோபோரா என்கிற கல் பவளங்கள் எலும்புக்கூடு கட்டுவதற்கு நாளுக்கு 0.8 டிகேஎச் (காரத்தன்மையின் அலகு) காரத்தன்மையை எடுத்துக்கொள்கின்றன. கூடவே கால்சியம் ஏறக்குறைய 6 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 6 பங்கு. ஒரு வாரம் நான் எதையும் சேர்க்காமல் விட்டால் 8இல் இருக்கும் காரத்தன்மை 2.4க்கு இறங்கிவிடும். அப்போது பத்து சதவீதம் தண்ணீர் மாற்றினால்? 3ஐக்கூட எட்டாது. கழிவிலும் இதே கதைதான்: நைட்ரேட் 20 இருந்தால் 18 ஆகும், அவ்வளவே.

ஆக, பவளத்துக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தது வாளி இல்லை, காரத்தன்மைக்கும் கால்சியத்துக்குமான கரைசல்களைத் தினமும் சொட்டும் டோசிங் பம்ப். வாளி செய்துவந்தது இரண்டு சில்லறை வேலைகள்: கழிவைக் கொஞ்சம் வெளியேற்றுவது, அயோடின், மாங்கனீஸ் மாதிரி நுண்தனிமங்களைக் கொஞ்சம் உள்ளே கொண்டுவருவது. இந்த இரண்டுக்கும் வேறு வழி செய்துவிட்டால் போதும்.

ஜனவரி 27

சம்ப்பின் நடு அறையில் கீட்டோ பாசி போட்டிருக்கிறேன். பச்சை நூல்கண்டு போலச் சுருண்டு கிடக்கிறது. மேலே தொட்டி விளக்கு அணைந்த பிறகு இதன் விளக்கு எரியும். பகல் முழுக்கப் பவளங்களுக்குள் இருக்கும் பாசி கரியமில வாயுவை இழுக்கிறது, இரவில் இது இழுக்கும். கரியமில வாயு கூடினால் தண்ணீரின் அமில, கார நிலையைக் காட்டும் பிஎச் இறங்கும்; அது ஒரேயடியாகச் சரியாமல் இருக்கத்தான் இந்த முறைமாற்றம்.

வளர்ந்த பாசியைப் பிய்த்துக் குப்பையில் போடும்போது நைட்ரஜனும் பாஸ்பரஸும் அதோடு வீட்டை விட்டுப் போகின்றன. கழிவை நுரையாகப் பிரிக்கும் ஸ்கிம்மர் தன் பங்குக்கு நாற்றமெடுக்கும் பழுப்புத் தண்ணீரைக் கக்குகிறது. தண்ணீர் மஞ்சளாகாமல் இருக்க ஒரு பை கார்பன்.

பிப்ரவரி 11

டெஸ்ட் கிட் நாள். காரத்தன்மை 7.9, கால்சியம் 425, மெக்னீசியம் 1320, நைட்ரேட் 12. எல்லாம் சரியாக இருக்கிறது, சொல்ல வேறொன்றும் இல்லை.

மார்ச் 10

உப்பின் அளவு ஆயிரத்துக்கு 35 பங்கிலிருந்து 36க்கு ஏறியிருக்கிறது. எதிர்பார்த்ததுதான். டோசிங் பம்ப் வழியாகச் சோடியம் பைகார்பனேட்டும் (சமையல் சோடா) கால்சியம் குளோரைடும் ஊற்றுகிறோம். பவளம் கால்சியத்தையும் கார்பனேட்டையும் எடுத்துக்கொள்ளும், மிச்சமாகும் சோடியமும் குளோரைடும் தண்ணீரிலேயே தங்கும். அதாவது சாப்பாட்டு உப்பு. என் தொட்டிக்கு நாளுக்கு 4.8 கிராம் சோடா போகிறது, அதிலிருந்து 3.3 கிராம் உப்பு. மாதத்துக்கு 100 கிராம்.

வெறும் நல்ல தண்ணீரால் இதைச் சரிசெய்துகொண்டே போனால் சோடியமும் குளோரைடும் மட்டும் பங்கில் கூடும், சல்பேட், பொட்டாசியம் எல்லாம் பின்தங்கும். ஜெர்மனியின் ஹான்ஸ் வெர்னர் பாலிங் இதற்கு ஒரு விடை கண்டார். மூன்றாவதாக, சோடியம் குளோரைடு மட்டும் இல்லாத ஒரு கடலுப்புக் கலவையையும் சேர்ப்பது. மிச்ச உப்போடு அது சேரும்போது கடல்நீரின் விகிதம் கிடைத்துவிடுகிறது. எனக்கு மிகவும் பிடித்த தந்திரம் இது, நானும் இதைத்தான் செய்கிறேன். உப்பு ஏறத்தான் செய்யும், ஆனால் எல்லாம் சேர்ந்து ஏறும்.

அதனால் இன்று ஐந்தரை லிட்டர் எடுத்துவிட்டு அதே அளவு ஆர்ஓ தண்ணீர் விட்டேன். மனைவி கதவோரம் நின்று பார்த்துவிட்டு, "இதுக்குப் பேரு தண்ணி மாத்துறது இல்லையா?" என்றாள். இல்லை என்று விளக்க ஆரம்பித்தேன். அவள் போய்விட்டாள்.

ஏப்ரல் 21

சுண்ணாம்புத் தண்ணீருக்கு மாறுகிறேன். ஊரிலிருந்து அம்மா போனில், "வெத்தலைக்குப் போடுற சுண்ணாம்பா மீனுக்கு?" என்று கேட்டார். அதேதான், கால்சியம் ஹைட்ராக்சைடு. ஆனால் இங்கே சிங்கப்பூரின் தேக்கா சந்தையில் வெற்றிலையோடு கிடைப்பதை யாரும் தொட்டியில் போட்டுவிடாதீர்கள். அதில் வேறு என்ன கலந்திருக்கும் என்று சொல்ல முடியாது. சுத்தமான தூளாக வாங்குங்கள்.

கணக்கு அழகானது. தொட்டியிலிருந்து நாளுக்கு இரண்டு லிட்டர் ஆவியாகிறது. அந்த இரண்டு லிட்டரை வெறும் தண்ணீராக விடுவதற்குப் பதில் லிட்டருக்கு ஒரு கிராம் சுண்ணாம்பு கரைத்து விட்டால், 4.8 கிராம் சோடா செய்த வேலை முடிந்துவிடும். கால்சியமும் கூடவே வருகிறது. மிச்ச உப்பு என்பதே இல்லை. தேவை இன்னும் கூடினால் லிட்டருக்கு ஏறக்குறைய ஒன்றரை கிராம் வரைதான் போகலாம், அதற்குமேல் கரையாது. அதனால் பாலிங் முறைக் கரைசல்களைச் சொட்டும் பம்பைக் கழற்றவில்லை, குறைத்து ஓடவிட்டிருக்கிறேன்.

இன்னொரு லாபம் பிஎச். சிங்கப்பூர் வீடுகளில் இரவு ஏர்கான் போட்டு ஜன்னலை அடைத்துவிடுகிறோம். நாம் மூச்சில் விடும் கரியமில வாயு அறையில் சேர்ந்து தொட்டிக்குள் கரைகிறது. விடியும்போது பிஎச் 7.8க்குக் கீழே கிடக்கும். சுண்ணாம்பை இரவில் சொட்டவிட்டதும் 8ஐத் தாண்டிவிட்டது.

ஒரு எச்சரிக்கை: இந்தத் தண்ணீரின் பிஎச் 12க்கு மேல். சொட்டுச் சொட்டாகத்தான் போக வேண்டும். மொத்தமாகக் கொட்டினால் தொட்டி பாலாக வெளுத்து, மீன்களுக்கு ஆபத்து. கலக்கும் தண்ணீரும் ஆர்ஓ, அயனிகளை நீக்கும் டிஐ இரண்டையும் தாண்டி வந்ததாக இருக்கட்டும். இங்கே குழாய்த் தண்ணீரில் கிருமிநாசினியான குளோராமின் உண்டு, ஆர்ஓவுக்கு முன்னால் நல்ல கார்பன் வடிகட்டி அவசியம்.

மே 5

சென்னையிலிருந்து ஒரு நண்பர், தானும் இதுபோல் வைக்கலாமா என்று கேட்டிருந்தார். கல் பவளங்கள் இந்தியாவில் 2001 முதல் வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. மீன் மட்டும் வையுங்கள் என்றேன்.

ஜூன் 16

நைட்ரேட் சுழி. பாஸ்பேட் சுழி. கொண்டாட வேண்டிய செய்தி இல்லை. இரண்டும் அடிமட்டத்துக்குப் போனால் பவளம் வெளுக்கும், டைனோ என்கிற பழுப்புச் சளி மணலில் படர இடம் கிடைக்கும். "சுத்தமான தண்ணீர்" என்ற பிடிவாதம் பவளத் தொட்டி வைப்பவர்களிடம் இன்னும் போகவில்லை. கீட்டோ விளக்கின் நேரத்தைப் பாதியாக்கி, மீன்களுக்குத் தீனியைக் கூட்டியிருக்கிறேன். கோமாளி மீன் ஜோடிக்கு இதில் எந்த ஆட்சேபணையும் இல்லை.

1961இல் ஜகார்த்தாவின் லீ சின் எங் உயிருள்ள பாறையும் காற்றுக் குமிழியும் மட்டும் வைத்துத் தொட்டி நடத்துவதைப் பற்றி எழுதினார். ஸ்கிம்மர், டோசிங் பம்ப் எதுவும் இல்லை. என் சம்ப்பைத் திறந்து பார்க்கும்போதெல்லாம் அவரை நினைத்துக் கொஞ்சம் கூச்சப்படுகிறேன்.

ஜூலை 28

தண்ணீரில் உள்ள தனிமங்களை அளக்கும் ஐசிபி சோதனைக்காக ஜெர்மனி ஆய்வகத்துக்கு அனுப்பியதன் முடிவு வந்தது. அயோடின் குறைவு, மாங்கனீஸ் அளவிடவே முடியாத அளவுக்குக் குறைவு. கீட்டோ தின்றிருக்கும், சொட்டுமருந்தாகச் சேர்த்துவிடலாம். ஆனால் தகரம் தென்பட்டிருக்கிறது. சந்தேகம் சம்ப்பில் இருந்த மெல்லிய பிவிசி குழாய் மேல். அதைக் கழற்றி சிலிக்கோன் குழாய் போட்டாயிற்று.

அப்புறம் பரணில் இருந்து வாளியை இறக்கி நாற்பது லிட்டர் மாற்றினேன். வரக்கூடாத உலோகம் வந்துவிட்டால் இதைவிட நல்ல மருந்து கிடையாது. நான் என்ன சபதமா எடுத்திருக்கிறேன்? உப்பு மூட்டை ஒன்று எப்போதும் வீட்டில் இருக்கட்டும் என்றுதான் எல்லோருக்கும் சொல்வேன்.

செப்டம்பர் 1

ஊருக்குக் கிளம்புகிறோம். மனைவியின் தம்பியிடம் சாவி. அவன் முதலில் கேட்டதே, "தண்ணி மாத்தணுமா மாமா?" என்றுதான். வேண்டாம் என்று தாளில் எழுதி ஒட்டியிருக்கிறேன்: தீனி ஒரு சிட்டிகை. சுண்ணாம்புக் கேனை நிரப்பி வைத்திருக்கிறேன், குலுக்காதே. ராத்திரி சம்ப் விளக்கு எரியும், அணைக்காதே. தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் 26 டிகிரியைத் தாண்டிக் காட்டினால் போன் பண்ணு. பவளம் சுருங்கியிருந்தால் போட்டோ அனுப்பு, நீயாக எதையும் ஊற்றாதே.