15 வயதுப் பெண்ணுக்கு மறுக்கப்பட்ட பட்டம்

ராப் போட்டித் தீர்ப்புகள் பற்றிப் பேச்சு வந்தாலே 1985 நியூயார்க் நினைவுக்கு வந்து எனக்குக் கோபம் ஏறும். நியூ மியூசிக் செமினார் என்ற இசைத்துறை மாநாட்டில் நடந்த ராப் போட்டி மேடை. நியூயார்க்கின் குயின்ஸ்பிரிட்ஜ் குடியிருப்பிலிருந்து வந்த ராப் பாடகி ராக்சேன் ஷான்டேவுக்கு அப்போது வயது 15. நின்ற இடத்திலேயே பாட்டு வரிகளைப் புனைகிறவர். எதிராளிகளைச் சாய்த்து இறுதிச்சுற்று வரை வந்துவிட்டார்.

அங்கே எதிரில் நின்றவர் பிஸி பீ. கூட்டத்தைக் கட்டிப்போடத் தெரிந்த மூத்த கலைஞர், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் நடுவர்களில் ஒருவரான ராப் பாடகர் கர்டிஸ் ப்ளோ ஷான்டேவுக்குப் போட்டது வெறும் 4 மதிப்பெண்! பட்டம் பிஸி பீக்குப் போனது.

ராப் இசையை உலகம் மதிக்கத் தொடங்கும் நேரத்தில் ஒரு சிறுமி முதலிடத்தில் நிற்கக்கூடாது என்பதுதான் காரணமாம். கர்டிஸ் ப்ளோவே பின்னாளில் தன்னிடம் அப்படிச் சொன்னதாக ஷான்டே சொல்லியிருக்கிறார். பாட்டுக்குத்தானே மதிப்பெண்? வயதுக்கும் பாலினத்துக்கும் யார் போடச் சொன்னது? என் கணக்கில் அன்று ஜெயித்தவர் ஷான்டேதான்.