அப்பா பெயரிலிருந்து அம்மா பெயருக்கு

அப்பா இறந்து ஒன்றரை வருடம் ஆகிறது. போன வாரம்தான் குடிசை மாற்று வாரியம் கொடுத்த வீட்டின் அலாட்மென்ட் ஆர்டர் அம்மா பெயருக்கு மாறிக் கைக்கு வந்தது. மொத்தம் ஏழு தடவை அலைந்தோம். ஏழு தடவையும் அம்மாவுக்கு லீவு, லீவு என்றால் சம்பளத்தில் பிடித்தம். ஜெராக்ஸ் செலவைவிட அதுதான் பெரிய செலவு.

சென்னையில் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம், இந்த மூன்றில் ஒன்றில்தான் எங்கள் வீடு. எது என்று சொல்ல மாட்டேன், சொன்னால் எங்களை அலையவிட்ட கிளார்க் யார் என்று ஊருக்கே தெரிந்துவிடும். முதலாவது 2000 வாக்கில் ஆரம்பித்தது, இரண்டாவதில் சுனாமியில் வீடிழந்தவர்கள் நிறைய, மூன்றாவது 2015 வெள்ளத்துக்குப் பிறகு மளமளவென்று நிரம்பியது. மூன்றிலும் நிலைமை ஒன்றுதான். ஆற்றோரத்துக் குடிசையை எடுத்துவிட்டு ஊருக்கு வெளியே ஓ.எம்.ஆர். சாலைப் பக்கம் வீடு கொடுத்தார்கள். வேலை மட்டும் கூடவே வரவில்லை. அம்மா இன்றைக்கும் நகருக்குள் மந்தைவெளியில் மூன்று வீட்டில் பாத்திரம் தேய்க்கிறார். காலை ஐந்தரைக்குக் கிளம்பிவிடுவார். பெண்களுக்கு டிக்கெட் இல்லாத சாதா பஸ்ஸுக்காக மற்ற பஸ்களை விட்டுவிட்டு நிற்பார். 2021-இல் அந்தச் சலுகை வந்திருக்காவிட்டால் ஒரு வீட்டுச் சம்பளம் பஸ்ஸுக்கே போயிருக்கும். இதை ஏன் சொல்கிறேன் என்பது கீழே வரும்.

இறப்புச் சான்றிதழ், வாரிசு சான்றிதழ் இரண்டும் வம்பில்லாமல் வந்தன. இ-சேவையில் 60 ரூபாய், வி.ஏ.ஓ. ஒரு தடவை கூப்பிட்டு விசாரித்தார், அவ்வளவுதான்.

வம்பு ஆரம்பித்தது பெயரில். ஆதார், ரேஷன் கார்டு, இறப்புச் சான்றிதழ் எல்லாவற்றிலும் அப்பாவின் பெயர் ‘சாமி’ என்று முடியும். ஆர்டரில் அந்தச் ‘சாமி’ இல்லை. குடிசைகளைக் கணக்கெடுக்க வந்தவர்களிடம் தெருவில் கூப்பிடுகிற பெயரைச் சொல்லியிருப்பார் மனுஷன் என்று நினைத்தோம்.

வாரிய ஆபீஸ் கிளார்க் இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“இவரு வேற ஆளு, அவரு வேற ஆளும்மா.”

“ஒரே ஆளுதான் சார். என் வீட்டுக்காரரு.”

“அத நான் எப்படி நம்புறது?”

முப்பது வருஷம் குடித்தனம் செய்தவரிடம் கேட்கிற கேள்வியா இது? அம்மா ஒன்றும் சொல்லவில்லை. வெளியே வந்து அரை பாட்டில் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார்.

சரி, இரண்டு பெயரும் ஒருவருடையதுதான் என்று அபிடவிட் வாங்கி வரச் சொன்னார். 20 ரூபாய் பத்திரம் என்று நினைத்துப் போனேன், இப்போது 200. நோட்டரிக்குத் தனி. அதைக் கொண்டுபோய்க் கொடுத்தால், “இது நீங்களா எழுதினது. வி.ஏ.ஓ. கிட்ட வாங்கிட்டு வாங்க” என்றார். வி.ஏ.ஓ.விடம் போனால், அப்படி ஒரு சான்றிதழ் நாங்கள் கொடுப்பதே இல்லை என்றார். மூன்றாவது தடவையும் நான்காவது தடவையும் இப்படியே போயின.

இந்த நேரம் பார்த்து டீக்கடையில் ஒரு புரோக்கர் மாட்டினார். ஆர்டரில் ‘குடிசை மாற்று வாரியம்’ என்று முத்திரை இருக்கிறது, அந்தப் பெயரே இப்போது இல்லை, ஆகவே ஆர்டர் செல்லாது, மூவாயிரம் கொடுத்தால் புதுசு வாங்கித் தருகிறேன் என்றார். சுத்தப் பொய். 1970-இல் ஆரம்பித்த வாரியத்துக்கு 2021-இல் ‘தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்’ என்று பெயர் மாற்றினார்கள், உண்மைதான். அதனால் பழைய காகிதம் செல்லாமல் போய்விடாது. எங்கள் பிளாக்கிலேயே இரண்டு பேர் இவரிடம் பணம் கொடுத்து ஏமாந்திருக்கிறார்கள்.

ஐந்தாவது தடவை இன்னொரு குண்டு. “உங்க வீட்டுக்கு வெரிபிகேஷன் வந்தோம், பூட்டியிருந்துச்சு. உள்வாடகைக்கு விட்டிருக்கீங்களா?” செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு வந்திருக்கிறார்கள். அந்நேரம் அம்மா மந்தைவெளியில், நான் டெலிவரியில். பூட்டாமல் என்ன செய்வது? உள்வாடகைக்கு விடுகிறவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் வேலைக்குப் போகிற வீடு பகலில் பூட்டித்தான் இருக்கும். அம்மா வேலை செய்யும் வீட்டு மாமி ஒரு வெள்ளைத் தாளில், இவர் தினமும் இத்தனை மணிக்கு வருகிறார் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதை ஃபைலில் சேர்த்துக்கொண்டார்கள்.

அதற்கு அடுத்த திங்கட்கிழமை நான் கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் மனு கொடுத்தேன். முதலிலேயே செய்திருக்க வேண்டியது. மனுவுக்கு ஒரு நம்பர் கொடுத்தார்கள். அந்த நம்பர் சீட்டோடு ஆறாவது தடவை போனபோதுதான் கிளார்க் முதல் முறையாக “உக்காருங்க” என்றார். பழைய கணக்கெடுப்பு ரிஜிஸ்டரில் குடும்பத்தார் எல்லார் பெயரும் இருக்கும், அதை வைத்து முடித்துவிடலாம், ஆனால் குடிசை நம்பர் வேண்டும், அது இல்லாமல் தேட முடியாது என்றார். எனக்குக் கண்ணைக் கட்டியது. இடித்த குடிசைக்கு நம்பரை எங்கே போய்த் தேடுவது?

அம்மா சாதாரணமாகச் சொன்னார்: “கதவுல இருக்குதே.”

குடிசையைக் காலி செய்தபோது கதவுப் பலகையை அப்பா விடவில்லை, நல்ல மரம் என்று லாரியில் ஏற்றிவிட்டார். இங்கே வந்த நாளிலிருந்து இரண்டு செங்கல் அடுக்கின் மேல் அது தண்ணீர்க் குடம் வைக்கும் மேடை. நான் தினமும் பார்ப்பது அதன் மேல்பக்கம்தான். அன்றைக்குக் குடங்களை இறக்கிவிட்டுப் புரட்டினோம். கரையான் தின்ற ஓரத்தைத் தாண்டி நீல பெயின்டில் மூன்று இலக்கம், கடைசி இலக்கம் பாதி உரிந்து மூன்றா எட்டா என்று தெரியவில்லை. போனில் படம் எடுத்துக்கொண்டு ஏழாவது தடவை போனோம். கிளார்க் இரண்டு நம்பரையும் பார்த்தார். எட்டில் இருந்தது. அப்பா, அம்மா, நான், மூன்று பெயரும். அப்பாவின் பெயர் ‘சாமி’யோடு முழுசாக. அலாட்மென்ட் ஆர்டர் டைப் செய்தபோதுதான் யாரோ ‘சாமி’யைச் சாப்பிட்டிருக்கிறார்கள். இத்தனை நாள் எங்களை வாட்டிய தப்பு அவர்களுடையது! யாரும் ஸாரி சொல்லவில்லை, நாங்களும் எதிர்பார்க்கவில்லை.

போகப் போகிறவர்கள் கவனிக்க: ஒரிஜினலை லேமினேட் செய்யாதீர்கள், எங்களுடையதை நகத்தால் சுரண்டிப் பார்த்துப் பத்து நிமிடம் திட்டினார்கள். எதைக் கொடுத்தாலும் ஒரு நகலில் சீலும் தேதியும் வாங்குங்கள். பராமரிப்புக் கட்டணப் பாக்கி இருந்தால் அதை முதலில் கட்டி ரசீதோடு போங்கள். குடிசை நம்பர், பழைய ரேஷன் கார்டு, கணக்கெடுப்புச் சீட்டு, எதையும் எடைக்குப் போடாதீர்கள்.

பலகை மறுபடி குடத்துக்கு அடியில் போய்விட்டது. நம்பர் மேலே தெரிகிற மாதிரி வைக்கலாமே என்றேன். தண்ணி பட்டா அழிஞ்சிரும் என்று அம்மா கீழ்ப்பக்கமாகவே போட்டார். கரண்ட் பில் இன்னும் அப்பா பெயரில்தான் வருகிறது, அதிலும் ‘சாமி’ இல்லை.